ஐந்தாவது ஓட்டு

மார்ச் 2

அன்பான அக்காவுக்கு,

தம்பி எழுதறேன். நான் நல்லாதான் இருக்கேன். உன் முதுகுவலி எப்படி, அம்மாவோட முட்டிவலி எப்படி? ரெண்டுக்கும் சேத்து ஒரே பதிலா எழுதிடு.

கடுதாசியைப் பாத்துட்டு பயந்துடாதே. இந்தக் காலத்துல தாள்ல எழுதறவன் ஒண்ணு ஜெயில்ல இருக்கணும், இல்ல காதலிக்கணும். எனக்கு அந்தக் கொடுப்பினை ரெண்டும் இல்ல. பயிற்சி முகாமுக்கு வந்ததுலேர்ந்து என் போன் கோச்சோட மச்சான் கையில. அவருதான் என் கணக்கைப் பாத்துக்கறாரு, வீடியோ போடறாரு, என் பேர்ல ரசிகர்களுக்கு பதில் சொல்றாரு. நீ ஒரு வரி அனுப்பினா போதும், ஊரே படம் புடிச்சு வச்சுக்கும். முகத்தைக் காட்டாம 'தராசு' சேனல் நடத்தற நீ, ஊரு கடப்பாறைன்னு கூப்பிடற எனக்கு சொந்த அக்கான்னு தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரு கதையும் முடிஞ்சுது. அதனால தாள்தான். முகாம் சமையல்காரரு சாமான் வாங்கப் போறப்போ தபால்ல போட்டுடறேன்னு சொல்லியிருக்காரு. பதிலையும் அவரு பேருக்கே போடு.

விஷயத்துக்கு வரேன். பலசாலிங்க போட்டியோட தகுதிச் சுற்று முடிஞ்சுது. இறுதிப் போட்டிக்கு இருபது பேரு. நான் இருபத்தொண்ணு! கடைசியா மணல் மூட்டையைத் தூக்கிட்டு ஓடறப்போ கோட்டுக்கு முன்னாடி கால் கொஞ்சம் தடுமாறிடுச்சு. மிச்சம் இருக்கறது அந்த ஒரே ஒரு சிறப்பு அழைப்புதான். வீரருங்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடற நிபுணருங்க அஞ்சு பேரு ஓட்டுப் போட்டு ஒருத்தனை உள்ள எடுப்பாங்க. மூணு ஓட்டு விழுந்தா போதும். அந்த அஞ்சுல நீ ஒருத்தி.

உன் புதுப் பட்டியலைக் கோச் அச்சடிச்சு சுவத்துல ஒட்டியிருக்காரு, எனக்கு ரோஷம் வரட்டும்னு. மேலேர்ந்து என் பேரைத் தேடிக்கிட்டே வந்தேன், வந்தேன், குனிஞ்சே பாக்க வேண்டியதாப் போச்சு. முப்பத்தொண்ணாவது இடம்! ஏன்க்கா, தூக்கக் கலக்கத்துல போட்டியா?

உன்னை அந்த அஞ்சு பேருல சேத்தப்போ, "நம்ம உறவைச் சொல்லிடலாமாடா"ன்னு கேட்டே. வேணாம்னது நான்தான். நான் ஜெயிச்சதெல்லாம் அக்கா போட்ட பிச்சைன்னு பேசுவாங்கன்னு நினைச்சேன். ஓட்டுப் போடறவங்களோட ரத்த சொந்தத்துக்கு அழைப்பு கிடையாதுன்னு விதி. எனக்கு அந்த அழைப்பு தேவைப்படும்னு அப்போ யாரு கண்டா?

எனக்கு முப்பத்தி நாலு வயசு. அடுத்த வருஷம் இந்த முழங்கால் என் பேச்சைக் கேக்காது. என்னைத் தூக்கி மேல வைக்க வேணாம். இருபத்தொண்ணுல நின்னவனை இருபத்தொண்ணுலயே வை, அது போதும்.

அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

உன் தம்பி


மார்ச் 9

டேய் உருண்டை,

முதுகும் முட்டியும் அதது இடத்துல இருக்கு. வலியும் அங்கேயேதான் இருக்கு. நீ நான் வேலை பாக்கற கூரியர் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதினது நல்லதாப் போச்சு. பார்சல் பிரிக்கற மேஜையில என் பேருக்கே ஒரு கவர் வந்ததைப் பாத்து மேனேஜருக்கு ஒரே சிரிப்பு.

உன் ரசிகக் கண்மணிங்க என்னைப் பண்ற பாடு உனக்குத் தெரியாது. "பாரம் தூக்க முடியாம முதுகு போயி ஓடி வந்தவ, இவ யாரு பட்டியல் போட"ன்னு ஒருத்தன். "தராசு இல்ல, கள்ளத்தராசு"ன்னு ஒருத்தன். நாலு வருஷத்துல நான் தப்பாச் சொன்னதையெல்லாம் பொறுக்கி ஒரு மணி நேர வீடியோவே போட்டிருக்கான் இன்னொருத்தன். இவ்வளவு உழைப்பை அவன் பரீட்சைக்குக் காட்டியிருந்தா எங்கேயோ போயிருப்பான். எனக்காகச் சண்டை போடறவங்களும் பெரிய யோக்கியம் இல்ல. நான் என்ன சொன்னேன்னு கேக்காமலே சரின்னு கத்தறாங்க.

அதை விடு. அம்மா உன் ரசிகர் குழுவுல சேந்துட்டாங்க. பூப்படம் போட்ட கணக்கு. நேத்து என்னைத் திட்டி ஒரு கமென்ட் போட்டிருக்காங்கடா! "இந்தப் பொம்பளைக்கு வயித்தெரிச்சல்"னு. என்னம்மா இதுன்னு கேட்டா, "எல்லாரும் திட்டறப்போ நான் மட்டும் சும்மா இருந்தா சந்தேகம் வராதா"ன்னு சொல்லிட்டு எனக்குத் தட்டுல பரிமாறறாங்க. அந்தக் கமென்டுக்கு நூறு பேரு கைதட்டியிருக்காங்க. அம்மாவுக்கு அதுல பெருமை வேற.

இப்போ நீ கேட்டதுக்கு வரேன். நான் எப்படிப் பட்டியல் போடுவேன்னு உனக்குத் தெரியும். மத்தவங்க கோட்டைத் தொடற வரைக்கும் பாப்பாங்க. நான் தொட்டதுக்கு அப்புறம்தான் பாக்கவே ஆரம்பிப்பேன். ஒருத்தன் எப்படிக் குனியறான், எப்படி நிமிர்றான், மூச்சு எங்கேர்ந்து வருது, இதை வச்சுத்தான் அடுத்த போட்டியில அவன் நிப்பானா மாட்டானான்னு சொல்றேன். உன் கடைசி ஓட்டத்தையும் அப்படித்தான் பாத்தேன். ஓடவிட்டு ஓடவிட்டுப் பாத்தேன். முப்பத்தொண்ணு சரிதான்.

தூக்கம் எப்படி வருது? மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா? கோட்டைத் தாண்டினதும் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னியே, அப்போ எதுக்குச் சிரிச்சே? இதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் எழுது. கிண்டல் வேணாம்.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

சௌகரியம். அங்கேயும் அப்படித்தான்னு நினைச்சுக்கறேன்.

பட்டியலைப் பத்தி எழுதச் சொன்னா நர்ஸம்மா மாதிரி கேள்வி கேட்டிருக்கே. தூக்கம் வருது. படி ஏறறேன், இறங்கறேன். சிரிச்சது ஏன்னா, ஓடி முடிச்சா மனுஷன் சிரிப்பான். அழணுமா?

இங்கே எல்லாரும் உன்னைப் பத்திதான் பேசறாங்க. சாப்பிடற இடத்துல, குளிக்கற இடத்துல, தராசு தராசு தராசு. நானும் கூடச் சேந்து உன்னைத் திட்ட வேண்டியிருக்கு. அம்மாவை நினைச்சுக்கிட்டு திட்டறேன். ஆனா வர வர நடிப்புக்குத் திட்டறேனா நிஜமாத் திட்டறேனான்னு எனக்கே தெரியல. முப்பத்தொண்ணு சரிதான்னு ரெண்டே வார்த்தையில எழுதிட்டே. என்ன சரி? எங்கே சரி?

ரசிகருங்க விடறதா இல்ல. ஓட்டுப் போடற அஞ்சு பேருல அந்தப் பழைய சாம்பியன் என் பேரை இருபத்தி நாலுல வச்சிருந்தாரு இல்ல, அவரு வீடியோவுல போயி கும்பல் கும்பலாக் கத்தினாங்க. பாவம், அவரு அதை எடுத்துட்டு, மறுபடி பாத்ததுல என் அருமை புரிஞ்சுதுன்னு புதுசா ஒண்ணு போட்டிருக்காரு. அந்த அஞ்சுல இன்னொருத்தரு, எல்லாத்துக்கும் அட்டவணை போடுவாரே புள்ளிவிவரக்காரரு, அவரும் இறங்கி வந்துட்டாரு. கோச் கணக்குப்படி ரெண்டு ஓட்டு என் பையில. இன்னும் ஒண்ணு வேணும். அது உன்னோடதா இருந்தா நல்லா இருக்கும். இல்லாட்டியும் பரவாயில்லன்னு எழுத ஆசைதான், கை வரல.

மத்தபடி சமையல்காரருக்கு என்னால வேலையே இல்ல. கோச் என்னைக் காய வச்சுக்கிட்டிருக்காரு, விளம்பரப் படத்துல நரம்பு தெரியணுமாம். நேத்து அந்தச் சமையல்காரரு என்னைப் பாத்து விழுந்து விழுந்து சிரிக்கறாரு. கண்ணாடியில பாத்தா என் கன்னத்துல ரப்பர் பாயோட கட்டம் கட்டமான தடம், அப்பளம் மாதிரி. அதோடயே போட்டோ எடுக்க உக்காந்துட்டேன் போ.

அம்மா கணக்குல இன்னும் ரெண்டு திட்டு போடச் சொல்லு.

தம்பி


மார்ச் 24

டேய்,

நலம் விசாரிக்கற நிலைமையில நான் இல்ல.

கன்னத்துல பாய்த் தடம் எப்படி வந்தது? நீ பண்ற பயிற்சி எதுலயும் கன்னம் தரையில படாது. தூங்கறதா இருந்தா உன் கட்டில்ல தூங்கியிருப்பே. தடம் பதியற அளவுக்கு நீ முகங்குப்புறக் கிடந்திருக்கே. எவ்வளவு நேரம் கிடந்தே? யாரு தூக்கினாங்க? எத்தனாவது தடவை?

என்கிட்ட மறைக்காதே. அடுத்தவங்க உடம்பைப் பாத்தே நாலு வருஷமாச் சோறு தின்னறவ நான்.

உடனே ஒரு இதய டாக்டர்கிட்ட போ. முகாம் டாக்டர் வேணாம், வெளியில போ. கோச்கிட்ட பல்லுவலின்னு சொல்லு. நெஞ்சுல கருவி வச்சு ஓடவிட்டுப் பாப்பாங்க, அதைச் செய்யச் சொல்லு. உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

பதில் எழுத நாளாயிடுச்சு. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன்.

ரெண்டு தடவை விழுந்தேன். போதுமா? முதல் தடவை யாரும் பாக்கல. ரெண்டாவது தடவை கோச்சோட மச்சான் பாத்தாரு, தண்ணியைத் தெளிச்சாரு, யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. கண்ணு இருட்டிச்சு, அப்புறம் ரப்பர் வாசனை, அவ்வளவுதான். வலி எதுவும் இல்ல.

டாக்டர்கிட்ட போக மாட்டேன். வெளியில எங்கே போனாலும் எவனாவது ஒருத்தன் கடப்பாறைன்னு கூப்பிட்டுக்கிட்டு போனைத் தூக்கிடறான். ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு படம் எடுத்தான்னு வை, மறுநாளே மூணு நிபுணருங்க என் நெஞ்சைப் பத்தி வகுப்பு எடுப்பாங்க. ஓட்டு போயிடும். அது மட்டும் இல்ல. ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. பயமா இருக்கு. ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா அப்புறம் நான் யாரு? எனக்கு வேற என்ன தெரியும்? தெரியாம இருக்கற வரைக்கும் ஓடலாம்.

நேர்ல வரேன்னு கிளம்பிடாதே. வாசல்ல எப்பவும் ரெண்டு பேரு கேமராவோட நிக்கறாங்க. உன் முகம் யாருக்கும் தெரியாதுதான், ஆனா வாயைத் திறந்தா போச்சு. உன் குரலைத் தூக்கத்துல கேட்டாலும் கண்டுபிடிச்சிடுவாங்க.

மூணாவது ஓட்டும் கிடைச்சுடும் போல இருக்கு. மே முதல் தேதி முடிவு சொல்றாங்க. உன் ஓட்டை நீயே வச்சுக்கோ. அமைதியா மட்டும் இரு.

தம்பி


ஏப்ரல் 14

உருண்டை,

உக்காந்து படி. கூட யாரும் இருக்க வேணாம்.

அப்பா மெஷின்ல அடிபட்டுச் சாகல.

உனக்கு அப்போ அஞ்சு வயசு, எனக்குப் பதிமூணு. தொழிற்சாலையில வருஷா வருஷம் விளையாட்டு நாள் வைப்பாங்க. கயிறு இழுக்கற போட்டி. அப்பாதான் கடைசி ஆளு, இடுப்புல கயித்தைச் சுத்திக்கிட்டு நிப்பாரு. அவங்க பக்கம் ஜெயிச்சுது. எல்லாரும் குதிக்கறாங்க, விசில் அடிக்கறாங்க. நான் தண்ணி எடுத்துக்கிட்டு ஓடினேன். அப்பா வேலிக் கம்பியை ஒரு கையால புடிச்சுக்கிட்டு நின்னாரு. இன்னொரு கை நெஞ்சுல. என்னைப் பாத்துச் சிரிச்சாரு. அப்புறம் உக்காந்தாரு. அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. உதடு வெளுத்துப் போன அந்த முகத்தை நான் இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

நீ துறுதுறுன்னு ஓடிக்கிட்டே இருக்கற பிள்ளை. ஓடினா அப்பா மாதிரி ஆயிடுவோம்னு உனக்குப் பயம் வந்துடக் கூடாதுன்னு அம்மா மெஷின்னு சொன்னாங்க. நானும் ஆமாம்னேன். சொல்லிச் சொல்லி வீட்டுல அதுவே நிஜமாயிடுச்சு.

உன் கடைசி ஓட்டத்துல நீ கம்பியைப் புடிச்சுக்கிட்டு நெஞ்சுல கை வச்சுச் சிரிச்சியே, அந்த இடத்துல வீடியோவை நிறுத்திட்டு நான் வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன்டா. அதுக்கப்புறம் உன் பேரை எங்கே வைக்கச் சொல்றே? இருபத்தொண்ணுல வச்சு உன்னை அந்த மைதானத்துக்கு நானே அனுப்பி வைக்கவா?

போட்டி நடத்தறவங்களோட டாக்டருக்குப் பேரு போடாம ஒரு கடுதாசி போட்டேன். பொறாமைக்காரங்க எழுதற மொட்டைக் கடுதாசிக்கெல்லாம் பதில் கிடையாதுன்னு பொதுவுல அறிக்கை விட்டாங்க. உன் ரசிகருங்க அதையும் கொண்டாடினாங்க.

பரிசோதனை பண்ணிக்கோ. ஒண்ணும் இல்லன்னு வந்தா நானே உனக்கு ஓட்டுப் போட்டு, வீதியில நின்னு கத்தறேன்.

அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

சமையல்காரரு போனை வாங்கி அம்மாகிட்ட பேசினேன். அப்பா எப்படிச் செத்தாருன்னு கேட்டேன். அம்மா முதல்ல சாப்பிட்டியான்னு கேட்டாங்க. அப்புறம், "மெஷின்தான்யா, எதுக்கு இப்போ அதெல்லாம், நீ நல்லா ஓடு"ன்னாங்க.

இப்போ நான் யாரை நம்பணும்?

நீ சொல்றது பொய்னா, என்னை நிறுத்தறதுக்காகச் செத்துப் போன அப்பாவை இழுத்துக்கிட்டு வந்திருக்கே. நிஜம்னா, இருபத்தொம்போது வருஷமா என் முகத்தைப் பாத்துப் பொய் சொல்லியிருக்கே. ரெண்டுல எதுவா இருந்தாலும் உன் பேச்சுக்கு என்ன மதிப்பு? ரசிகருங்க ரெண்டு மாசமா இதைத்தான் கத்திக்கிட்டிருக்காங்க, இவளை எதை வச்சு நம்பறதுன்னு. நான் மனசுக்குள்ள உனக்காக வாதாடிக்கிட்டு இருந்தேன். இனிமே என்னால முடியாது.

நேத்து மூணாவது ஆளும் எனக்குத்தான்னு சொல்லிட்டாரு. உன் ஓட்டு தேவையில்ல. நீயும் தேவையில்ல.

தம்பி


ஏப்ரல் 26

என் தங்கமே,

கோபமா இரு. ஆனா இதைப் படி.

அம்மாகிட்ட சண்டை போட்டேன். பாத்திரம் பறக்கற சண்டை. ஏம்மா மறுபடி பொய் சொன்னேன்னு கேட்டா, "ஓடப் போற பிள்ளைகிட்ட அதைச் சொல்லி அவன் காலை உடைக்கவா, நீதான் ஏற்கெனவே உடைச்சுக்கிட்டு இருக்கியே"ன்னு கத்தினாங்க. நீ விழுந்ததை நான் அவங்ககிட்ட சொல்லல. சொல்ல முடியல. ஒரு தடவை பாத்தவங்க அவங்க.

இன்னும் சில நாள்தான் இருக்கு. ஆபீஸ்ல பார்சலைத் தப்புத் தப்பாப் பிரிக்கறேன். ஒரு மூட்டையைத் தூக்கிக்கிட்டு யாராவது உள்ள வந்தாலே கீழ வைங்கன்னு கத்திடறேன். எதைச் சொன்னாலும் நம்ப மாட்டேங்கறே, சரி. நம்ப வேணாம். என்னைப் பொய்க்காரின்னு காட்டறதுக்காகவாவது அந்தப் பரிசோதனையைப் பண்ணுடா. எனக்கு வேற எந்த வழியும் விடாதபடி பண்ணிட்டியே.

நாலு பேரு ஓட்டை என்னால ஒண்ணும் பண்ண முடியாது. என் ஓட்டு மட்டும் என் கையில இருக்கு. அதை நான் எப்படிப் போட்டாலும், நீ என்னை மன்னிக்க வேணாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மே 12

தம்பிக்கு,

பதில் வராதுன்னு தெரியும். இருந்தாலும் எழுதறேன்.

நீ பாத்திருப்பே, பாக்காட்டியும் கோச் அச்சடிச்சு ஒட்டியிருப்பாரு. ஏப்ரல் முப்பதாம் தேதி முதல் தடவையா கேமராவுக்கு முன்னாடி முகத்தைக் காட்டினேன். தலை கூடச் சரியா வாரல. கடப்பாறை என் கூடப்பிறந்த தம்பின்னு சொன்னேன். இத்தனை வருஷம் மறைச்சோம்னு சொன்னேன். நம்ம ரெண்டு பேரும் சின்ன வயசுல எடுத்த படத்தைக் காட்டினேன். அவ்வளவுதான், அணைச்சுட்டேன். உன் நெஞ்சைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அதைச் சொன்னா அப்புறம் எந்த வருஷமும் உன்னை எவனும் மைதானத்துக்குள்ள விட மாட்டான். அந்தப் பேரை உன் மேல ஒட்ட எனக்கு மனசு வரல.

ரத்த சொந்தத்துக்கு அழைப்பு இல்லங்கற விதிப்படி உன் பேரை இந்த வருஷத்துக்கு எடுத்துட்டாங்க. என்னை ஆயுசுக்கும் எடுத்துட்டாங்க. உனக்கு நான் முன்னாடி நல்ல இடம் குடுத்ததெல்லாம் தம்பிங்கறதால, இப்போ கீழ வச்சது சொத்துத் தகராறுலயாம். நமக்குச் சொத்து இருக்குன்னு அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். தராசக்கா தராசக்கான்னு உருகினவங்கதான் முதல்ல கல்லை எடுத்தாங்க. சேனலை மூடிட்டேன். ஆபீஸ்ல வாசல் பக்கம் வராதேன்னு மேனேஜர் என்னைப் பின்னாடி கிடங்குக்கு மாத்திட்டாரு. இதெல்லாம் போகட்டும்.

உன் பத்து வருஷ உழைப்பை என் கையால நெரிச்சேன். தெரிஞ்சே செஞ்சேன். நீ உயிரோட இருக்கணும்டா, எனக்கு வேற எதுவும் தெரியல.

அம்மா என்னோட பேசறதில்ல. நேத்துதான் எதுக்குடி இப்படிப் பண்ணினேன்னு கேட்டாங்க. நீ ரெண்டு தடவை விழுந்ததைச் சொன்னேன். சுவத்தைப் புடிச்சுக்கிட்டே தரையில உக்காந்துட்டாங்க. இந்தக் கடுதாசியில கொஞ்சம் இடம் விடுன்னு கேட்டாங்க. விட்டிருக்கேன்.

அக்கா

கண்ணு, அம்மா எழுதறேன். அக்கா சொன்னது நிஜம். கயிறுதான்யா. மெஷின் இல்ல. நானும் அங்கேதான் நின்னேன். நீ என் இடுப்புல இருந்தே.


ஜூன் 30

அக்காவுக்கு,

இதுதான் நான் உனக்கு எழுதற கடைசிக் கடுதாசி. அம்மா நல்லா இருக்காங்கன்னு நினைக்கறேன்.

இறுதிப் போட்டி முடிஞ்சுது. என் இடத்துல போனவன் பதினாலாவதா வந்தான். மூட்டை ஓட்டத்துல அவனை நான் நடந்தே முந்தியிருப்பேன். டிவியில பாத்தேன். பாதியில எழுந்து போயிட்டேன்.

பரிசோதனை பண்ணிக்கிட்டேன். உனக்காக இல்ல. அம்மா எழுதின அந்த வரியைப் படிச்சதுக்கப்புறம் என்னால கயித்தைத் தொட முடியல. தொங்கற கயித்தைப் பாத்தாலே கால் நின்னுடுது. மைதானத்துல இல்லாதவனை இப்போ யாரு கேமராவுல புடிக்கப் போறாங்க, ஆஸ்பத்திரிக்குத் தாராளமாப் போனேன். டாக்டரம்மா அப்பா எப்படிப் போனாருன்னு கேட்டாங்க. கயிறு இழுத்து ஜெயிச்சுட்டு உக்காந்தாருன்னு சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவங்க பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் என்னென்னமோ பண்ணினாங்க. ஓடவிட்டாங்க, படுக்க வச்சாங்க, ராத்திரியெல்லாம் நெஞ்சுல கம்பி கட்டி அனுப்பினாங்க, மறுபடி வரச் சொல்லி முதல்லேர்ந்து பாத்தாங்க.

ஒண்ணும் இல்ல. கேட்டுக்கோ நல்லா. என் நெஞ்சுல ஒரு குறையும் இல்ல. அப்பாவுக்கு இருந்தது எனக்கு இல்ல. விழுந்தது எதனாலன்னு தெரியுமா? தண்ணி குடிக்காததால. கோச் படத்துக்காக என்னைக் காய வச்சாரு இல்ல, அதனால. ஒழுங்கா சாப்பிட்டு, தேவையான தண்ணி குடிச்சிருந்தா நான் விழுந்திருக்கவே மாட்டேனாம். டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணியை என் முன்னாடி வச்சு, "இதுதான் மருந்து, குடிங்க"ன்னாங்க. அங்கேயே உக்காந்து அழுதேன்.

ஒரு டம்ளர் தண்ணி, அக்கா. அதுக்காக என் வாழ்க்கையை முடிச்சிருக்கே. கோட்டுக்கு அப்புறம்தான் பாப்பேன்னு பெருமையடிச்சுக்குவியே, உனக்கு ஒரு தாகம் தெரியல. உன் கணிப்பு தப்பு. எல்லாரும் உன்னைப் பத்திச் சொன்னது சரி.

இனிமே என் போன் என்கிட்டதான் இருக்கு. டாக்டரம்மா சொன்னதை நாளைக்குக் கேமரா முன்னாடி உக்காந்து சொல்லப் போறேன். தராசு தப்புன்னு ஊருக்கே தெரியட்டும்.

எனக்கு எழுதாதே.

தம்பி


ஜூலை 5

டேய் உருண்டை, என் செல்லமே,

எழுதாதேன்னு சொன்னே. இந்த ஒரு தடவை உன் பேச்சைக் கேக்க முடியாது.

கிடங்குல பார்சல் மூட்டைங்களுக்கு நடுவுல நின்னுக்கிட்டு உன் கடுதாசியைப் படிச்சேன். 'ஒண்ணும் இல்ல'ங்கற இடத்துக்கு வந்ததும் மேல படிக்க முடியல. அந்த ரெண்டு வார்த்தையையே திரும்பத் திரும்பப் படிச்சேன். அப்புறம் சத்தமா ஏதோ கத்தியிருக்கேன் போல, மேனேஜர் எலி ஏதாவது ஓடிச்சான்னு கேட்டுக்கிட்டு ஓடி வந்தாரு. அவரு கையைப் புடிச்சுக்கிட்டு, "சார், நான் தப்பு சார், நான் சொன்னது தப்பு"ன்னு சொல்லிச் சொல்லி அழுதேன். மனுஷன் பயந்து போயி எனக்கு லீவு குடுத்துட்டாரு.

ஆமாம்டா, தப்புதான். நீ கம்பியைப் புடிச்சு நின்னதைப் பாத்தப்போ நான் உன்னைப் பாக்கவே இல்ல. அப்பாவைத்தான் பாத்தேன். உன்னைப் பாத்திருந்தா உன் உதடு காஞ்சு வெடிச்சிருந்தது தெரிஞ்சிருக்கும். நரம்பு தெரியணும்னு காய வைக்கறாங்கன்னு நீயே எழுதியிருந்தே, அதைத் தாண்டிப் போயிட்டேன். உன்னோட பத்து வருஷத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? நான் எப்படி அழுதாலும் அந்த மைதானம் உனக்குத் திரும்பி வராது.

உன் வீடியோவைப் பாத்தேன். நானும் அம்மாவும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பாத்தோம். நீ என்னைத் திட்ட ஆரம்பிச்சதும் அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. உன் முகத்துல கொஞ்சம் சதை போட்டிருக்கு. கண்ணுக்குக் கீழ இருந்த கறுப்பு போயிருக்கு. குரல் நல்லா வருது. நீ அவ்வளவு கோபமா, மூச்சு வாங்காம, ஒரே வீச்சுல என்னைப் பேசினதைக் கேக்கக் கேக்க எனக்குத் திகட்டல. மூணு தடவை பாத்தேன்.

உன் ரசிகருங்க கீழ எழுதியிருக்கறதெல்லாம் சரிதான். நான் எதையும் மறுக்க மாட்டேன். யாராவது மறுத்தா நானே போயி அவங்களை அடக்கறேன்.

உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தக் கோபத்தை விட்டுடாதே. வருஷா வருஷம் திட்டி எழுது. நாப்பது வயசுல திட்டு, அம்பதுல திட்டு, பல்லெல்லாம் போயி சரியாத் திட்ட வராத வயசுலயும் திட்டு. எனக்குக் கண்ணு தெரியாமப் போயிட்டா பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்.

உன் அக்கா